நாலு அங்குலத்துக்கு இருபது கண்ணி

அக்டோபர் 6, ஞாயிறு

இன்று நான் சொல்லாதது: "அது என்னுடையது."

இரண்டே சொல். கேசரித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

அக்கா சுபாவைப் பெண் பார்க்கக் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தார்கள். டேராடூனில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை பிரசன்னா, அவருடைய அம்மா விஜயராணி, ஓர் அத்தை. பத்து மணிக்கு வர வேண்டியவர்கள், குன்னூர் ஏறும் பாதையில் காட்டெருமை நின்றதால் தாமதம். அந்த இடைவெளியில்தான் எல்லாம் கெட்டது. பட்டுப் புடவையில் அக்கா நடுங்கிக்கொண்டிருந்தாள். அம்மா என் அறைக்குள் போய் என் ஸ்வெட்டரை எடுத்து வந்து அவளுக்குப் போட்டுவிட்டாள்.

"இன்னிக்கு மட்டும்டி. மூக்கை உறிஞ்சிட்டு வந்து நின்னா நல்லாவா இருக்கும்?"

சரி என்றேன். அதுவரைக்கும் எனக்கு ஒன்றுமில்லை.

இந்த வீட்டில் எல்லோருக்கும் பின்னியிருக்கிறேன். அப்பாவின் தொப்பி, அம்மாவின் காலுறை, அக்காவின் சால்வை. எனக்கென்று பின்னிக்கொண்டது இந்த ஒரு ஸ்வெட்டர்தான். காய்ந்த மிளகாயின் நிறம். கட்டம் போட்ட தாளில் நானே வரைந்த வடிவம். என் ஜன்னலிலிருந்து தெரியும் தேயிலைச் சரிவு, சாய்ந்து சாய்ந்து இறங்கும் செடிகள், நடுவில் கொழுந்து பறிப்பவர்கள் நடக்கும் சந்து. தோளிலிருந்து மார்பு வரை அந்தச் சாய்வு ஓடும். போன குளிர்காலம் முழுக்க அதற்குத்தான் போயிற்று. மனதுக்குப் பிடிக்காமல் இரண்டு முறை முழுதாகப் பிரித்தேன்.

விஜயராணி அம்மா அக்காவின் தோளில் விரலை வைத்து அந்தச் சாய்வைத் தடவிப் பார்த்தார்.

"இந்த ஸ்வெட்டரு எங்க வாங்குனது கண்ணு?"

அக்கா என்னைப் பார்த்தாள். அம்மா முந்திக்கொண்டாள். "வாங்குனதில்லீங்க. எல்லாம் எங்க சுபா கைவேலை. இதா, இவங்கப்பா தலையில இருக்கறதுகூட அவ பின்னுனதுதானுங்க."

அப்பா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அதற்கு மேல் அவர் ஒன்றும் செய்யவில்லை.

"அப்படியா? அப்ப எங்க பிரசன்னாவுக்கும் ஒண்ணு பின்னிக் குடுத்துரட்டும். டேராடூன்ல டிசம்பர் குளிருக்குப் பல்லு தந்தியடிக்குது. நிச்சயத்தன்னிக்குப் போட்டுக்குவான்."

"அதுக்கென்னங்க, பின்னிட்டாப் போச்சு" என்றாள் அம்மா.

நான் தட்டை நீட்டினேன். அம்மா என் இடுப்பில் கிள்ளினாள். "பீச்சாங்கையில குடுக்காதடி!" தட்டைக் கை மாற்றினேன். விஜயராணி அம்மா என் கையைப் பார்த்தார், அக்காவின் தோளைப் பார்த்தார், கேசரியை எடுத்துக்கொண்டார்.

அக்டோபர் 7

காலையில் அம்மாவிடம் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னாள் என்று.

"வாயில வந்துருச்சு."

"வாயில வந்தா? எம் பேரு வரலையா?"

"சும்மா கத்தாத புள்ள. மூணு எடம் வந்து பாத்துட்டு, போன் பண்றோம்னு போனாங்க. ஒருத்தன் பண்ணுனானா? முப்பத்திரண்டு வயசு அவளுக்கு. அந்தம்மா ஒண்ணப் பாத்து நல்லாருக்குன்னு வாயத் தொறந்து சொன்னாங்க. அந்த நேரத்துல, இல்லீங்க அது இவளோடது இல்லீங்கன்னு சொல்லச் சொல்றியா? ஒரு ஸ்வெட்டருதான?"

ஒரு ஸ்வெட்டர்தான். அதை இனி நான் எங்கே போட்டுக்கொண்டு போவேன்? ஊருக்கு அது அக்காவுடையது. கல்யாணம் ஆனால் அவள் பெட்டியில் டேராடூன் போய்விடும். நான் போட்டால் அக்காவின் ஸ்வெட்டரை இரவல் வாங்கியவள் ஆவேன்.

மாலையில் அக்கா அதை மடித்து என் கட்டிலில் கொண்டுவந்து வைத்தாள். மெடிக்கல் ஷாப்பில் நாள் முழுக்க நின்ற களைப்பு முகத்தில். "எனக்கு வேணாம் தாரிணி. அவங்ககிட்ட நானே உண்மையச் சொல்லிடட்டுமா?"

"எதுக்கு? உன்னோடதுதானே. எடுத்துட்டுப் போ" என்றேன்.

அவள் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். போயே விட்டாள்.

அக்டோபர் 9

எனக்குக் கோபம் இல்லை. பின்னிக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்துவிட்டேன். முடிவு செய்த பிறகு கோபப்படுவதற்கு ஒன்றும் இல்லை.

அக்டோபர் 12, சனி

நிறத்தைப் போனில் விஜயராணி அம்மாவே சொன்னார். சாம்பல். அழுக்குத் தெரியாதாம். அம்மாவும் அக்காவும் கடைவீதிக்குப் போய் உல்லன் வாங்கி வந்தார்கள். நல்ல நூல்தான்.

நான் நூலகராக இருக்கும் பள்ளிக்கு அரைநாள். நூலகத்தில் ஒருவரும் இல்லை. மழைச் சத்தம். கிழிந்த அட்டைகளை ஒட்டிவிட்டு, ஜன்னலோரம் உட்கார்ந்து மாதிரித் துண்டு பின்னினேன். எந்த நூலானாலும் முதலில் ஒரு சின்னத் துண்டு பின்னி, நாலு அங்குலத்துக்கு எத்தனை கண்ணி வருகிறது என்று எண்ணிக்கொண்டுதான் உடையைத் தொடங்க வேண்டும். இருபது வந்தது. கை சுகமாக ஓடியது. காவலாளி துரைராஜ் அண்ணன் டீ கொண்டுவந்து கொடுத்து, "என்ன டீச்சர், காக்காய்க்கு மஃப்ளரா?" என்றார். வெகு நாளைக்குப் பிறகு சிரித்தேன்.

மாப்பிள்ளையின் அளவு அக்காவின் போனுக்கு வந்துவிட்டது. கட்டிலில் விரித்த சட்டை, மேலே அளவு நாடா. மார்பு நாற்பத்திரண்டு. இருபதால் கணக்குப் போட்டுக் கண்ணிகளை ஏற்றிவிட்டேன்.

அக்டோபர் 20

அக்கா வந்து, கற்றுக்கொடு என்றாள்.

"எதுக்கு?"

"பின்னிக் காட்டுன்னு கேட்டா என்ன பண்றது? ஒரு நாலு வரிசையாவது தெரிய வேணாமா?"

பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டினேன். அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. நான் இடது கைக்காரி. என் நூல் இடது கையில் சுற்றும், என் வரிசை இடமிருந்து வலம் போகும். அவள் வலது கையால் அதையே செய்யப் பார்த்து, நூல் விரலில் முடிச்சு விழுந்து, கண்ணிகள் ஊசியிலிருந்து கழன்று விழுந்தன.

"மெதுவாக் காட்டேன்."

"மெதுவாத்தான் காட்டறேன். உனக்கு வராது, விடு. கேட்டாங்கன்னா அம்மாவையே பின்னிக் காட்டச் சொல்லு. அவதான சொன்னா."

எழுந்து போனாள். வாசலில் நின்று, "நான் ஒண்ணும் உங்கிட்ட இருந்து புடுங்கல" என்றாள்.

நான் பின்னலிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

அக்டோபர் 31, தீபாவளி

மதியம் வீடியோ கால். மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் ஒரே சட்டத்துக்குள். அம்மா பாய்ந்து போய் என் அறையிலிருந்து பாதி ஸ்வெட்டரை ஊசியோடு தூக்கி வந்து அக்காவின் மடியில் போட்டாள். நான் ஊசியைப் பிடுங்கப் போனேன். அம்மா என் தலையை அழுத்திச் சோபாவுக்குக் கீழே உட்கார வைத்தாள். நூல் உருண்டை என் கையில், நூலின் மறுமுனை அக்காவின் மடியில். என் வயது இருபத்தெட்டு.

"அட, பின்னிட்டு இருக்கியா கண்ணு! பின்னிக்கிட்டே பேசு, எங்களுக்காக நிறுத்த வேணாம்" என்றார் விஜயராணி அம்மா.

அக்கா ஊசிகளை உரசினாள். டக், டக் என்று சத்தம் வந்தது. ஒரு கண்ணிகூட ஏறவில்லை. நான் கீழே இருந்து நூலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன், இழுபடுவது போலத் தெரியட்டும் என்று. அதை எதற்காகச் செய்தேன் என்று எனக்குத் தெரியவில்லை. யாரும் செய்யச் சொல்லவில்லை.

"நல்ல வேகம்!" என்றார் மாப்பிள்ளை. சிரிப்புச் சத்தம் கேட்டது.

அம்மா, "சிக்னல் விட்டு விட்டு வருதுங்க" என்று சொல்லிப் போனை நிறுத்தினாள். பிறகு எல்லோருக்கும் அதிரசம் கொடுத்தாள். எனக்கு இரண்டு. நான் இரண்டையும் தட்டிலேயே வைத்துவிட்டு உள்ளே போய், அக்கா நழுவவிட்ட பதினொரு கண்ணிகளையும் ஒவ்வொன்றாகப் பிடித்து ஊசியில் ஏற்றினேன். அப்புறம் சாயங்காலம் வரை நிறுத்தாமல் பின்னினேன்.

நவம்பர் 3, ஞாயிறு

நாவல்களில் பின்னிக்கொண்டிருக்கும் பெண்ணை எப்போதும் ஒரு மூலையில் உட்கார வைத்துவிடுகிறார்கள். பேச்செல்லாம் நடு அறையில். அவள் இருப்பது அமைதியைக் காட்டுவதற்காக, திண்டு தலையணை மாதிரி. எழுதியவர்களில் ஒருவர்கூடப் பின்னியதில்லை என்று தோன்றுகிறது. கையில் கூரான இரண்டு ஊசிகளோடு ஒருத்தி மணிக்கணக்கில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறாள் என்றால், அந்த அறையில் பயப்பட வேண்டியது அவளுக்குத்தான்.

நவம்பர் 10

வீட்டில் யாரும் இல்லை. என் ஸ்வெட்டரை ஒரு தடவை போட்டுப் பார்க்கலாம் என்று அக்காவின் பீரோவைத் திறந்தேன். தனியாக, ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி, அந்துருண்டை போட்டு வைத்திருக்கிறாள். அதற்குக் கீழே ஒரு துண்டு கிடந்தது. உள்ளங்கை அகலம். பச்சை நூல், என் பழைய மிச்சம். ஓரமெல்லாம் கோணல், நடுவில் மூன்று ஓட்டை. போகப் போகக் கொஞ்சம் நேராகியிருந்தது. என் பழைய மூங்கில் ஊசிகள் அதிலேயே குத்தியிருந்தன. போனில் பார்த்துப் பழகுகிறாள் போல.

என் ஊசி. என் நூல். கேட்காமல் எடுத்திருக்கிறாள்.

எடுத்துக்கொள்ளலாம் என்று ஊசியில் கை வைத்தேன். பிறகு எப்படி இருந்ததோ அப்படியே வைத்து மூடிவிட்டேன். ஸ்வெட்டரைப் போட்டுப் பார்க்க மறந்துவிட்டது.

நவம்பர் 17

முன்பக்கமும் பின்பக்கமும் முடிந்தன. கைகள் தொடங்கியாயிற்று. மணிக்கட்டு வலிக்கிறது. அளந்து பார்க்கவில்லை. என் கை எனக்குத் தெரியும்.

பக்கத்து வீட்டு ரோஸ்லின் அக்கா முறுக்கு மாவு வாங்க வந்தார். அம்மா வாசலிலேயே நிறுத்தி, "எங்க சுபாவா? மாப்பிள்ளைக்கு ஸ்வெட்டர் போட்டுட்டு இருக்கா, ராவும் பகலும் அதே வேலை" என்றாள். ரோஸ்லின் அக்கா பின்கட்டில் உட்கார்ந்திருந்த என்னை எட்டிப் பார்த்தார். "அப்ப தாரிணி கையில இருக்கறது?"

"அவ கூடமாட ஒத்தாச பண்றா."

ஊசி என் கையில் முறிந்தது. பழைய ஊசிதான்.

நவம்பர் 30, சனி

முடிந்தது. பாகங்களைத் தைத்து, நீராவி காட்டி, மடித்துக் கொடுத்தேன். அம்மா உடனே அப்பாவைக் கூப்பிட்டாள். "நீங்க ஒருக்காப் போட்டுக் காட்டுங்க."

அப்பாவுக்கு மார்பு நாற்பதுதான் இருக்கும். தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு இன்னும் இளைத்துவிட்டார். தலை உள்ளே போயிற்று. தோள் போகவில்லை. ஒரு கை மேலேயும் ஒரு கை கீழேயுமாக நடு அறையில் நின்றார்.

"என்னமோ புடிக்குது" என்றார் உள்ளேயிருந்து.

இழுத்துக் கழற்றும்போது அவர் கண்ணாடி வெளியே வந்து விழுந்தது. அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நிச்சயத்துக்கு எட்டு நாள்.

அவர்கள் அளவைத் தப்பாக அனுப்பியிருக்கிறார்கள் என்றேன். நூல் சரியில்லை என்றேன். நீராவியில் சுருங்கியிருக்கும் என்றேன். அறைக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டு, அக்டோபரில் நூலகத்தில் பின்னிய மாதிரித் துண்டை ஸ்வெட்டரின் மேல் வைத்து எண்ணினேன். துண்டில் நாலு அங்குலத்துக்கு இருபது. ஸ்வெட்டரில் இருபத்து நாலு. கண்ணி இறுகினால் உடை சிறுத்துவிடும்.

அதே நூல், அதே அளவு ஊசி, அதே கை. துண்டு வெந்த சோறு மாதிரி மெத்தென்று கிடக்கிறது. ஸ்வெட்டர் கடித்த பல் மாதிரி. கீழிருந்து மேலாக வரிசைகளைப் பார்த்தாலே நாள் சொல்லிவிடலாம். இது அக்காவைப் பக்கத்தில் உட்கார வைத்துத் திட்டிய அன்று. இது தீபாவளி, இங்கே நூல் கம்பி மாதிரி இருக்கிறது. இது ரோஸ்லின் அக்கா. அக்டோபர் ஒன்பதாம் தேதி இந்த நோட்டில், கோபம் இல்லை என்று எழுதியிருக்கிறேன். பின்னலில் அப்படி எழுத முடியவில்லை.

டிசம்பர் 3

நனைத்து, மெத்தையில் விரித்து, நாலு பக்கமும் இழுத்துக் குண்டூசி குத்தி வைத்திருக்கிறோம். வெயில் இல்லை, மூன்று நாளாக மூட்டம், காயவில்லை. அப்பா அரை மணிக்கு ஒரு தடவை தொட்டுப் பார்த்து, "ஈரமாத்தான் இருக்கு" என்று அறிவிக்கிறார். அக்கா தரையில் படுக்கிறாள், அவள் கட்டிலில் மாப்பிள்ளையின் ஸ்வெட்டர் கைகளை விரித்துப் படுத்திருப்பதால்.

இழுத்தால் கொஞ்சம் வரும். திரும்பிப் போய்விடும். அம்மாவிடம் அதைச் சொல்லவில்லை.

டிசம்பர் 8, ஞாயிறு

எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவிட வேண்டும். நாளைக்கு எனக்கே சந்தேகம் வரும்.

நிச்சயம் தெருமுனைச் சமுதாயக் கூடத்தில். அறுபது பேர் இருப்பார்கள். பிரசன்னா, நாங்கள் கூரியரில் அனுப்பிவைத்த சாம்பல் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டுதான் காரிலிருந்து இறங்கினார். கைகள் உடம்பிலிருந்து விலகி நின்றன. தாம்பூலத் தட்டு வாங்கக் குனிந்தபோது ஸ்வெட்டர் முதுகில் ஏறி, சட்டை வெளியே வந்தது. கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்தார். "மூச்சு விட்டாத் தையல் பிரிஞ்சுருமோன்னு பயமா இருக்குங்க" என்றார். அக்கா தலை குனிந்துகொண்டாள். அவள் மேல் என் ஸ்வெட்டர், அரக்குப் பட்டுக்குப் பொருத்தமாக.

நான் பின்னால் சமையல்கட்டில் வர்க்கி பிஸ்கட்டுகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தேன். விஜயராணி அம்மா வந்தார். ஒரு வர்க்கியை எடுத்துக் கடித்தார்.

"ஏங்கண்ணு, பின்னும்போது ரொம்பக் கோவமா இருந்தியா?"

கை நின்றுவிட்டது.

"எங்கிட்ட என்ன மறைக்கறது? எங்க வூட்டுக்காரர் பட்டாளத்துல இருந்தப்ப அம்பாலா குவார்ட்டர்ஸ்ல வருசக்கணக்கா பஞ்சாபிப் பொம்பளைங்ககூட வெயில்ல உக்காந்து பின்னுனவ நானு. உங்கக்கா போட்டிருக்கறதுல சாய்வெல்லாம் எதிர்ப்பக்கமாச் சாயுது. பீச்சாங்கைக்காரி பின்னுனாத்தான் அப்படி வரும். அன்னிக்குத் தடவிப் பாக்கறப்பவே சந்தேகம், நீ தட்ட நீட்டுனதும் உறுதியாப் போச்சு. நல்ல கை உனக்கு. அந்தச் சந்து ஒண்ணு நடுவுல விட்டிருக்கயே, அதெல்லாம் எல்லாருக்கும் வராது."

இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தைப் பார்த்த முதல் ஆள் அவர்தான். எங்கள் வீட்டில் ஒருவருக்கும் அது சந்து என்றே தெரியாது. அந்த ஒரு நொடிதான். அடுத்த நொடியில் என் காது சுட்டது.

"தெரிஞ்சுட்டே எதுக்குங்க அக்காவப் பின்னச் சொன்னீங்க?"

"உங்கம்மா எதுவரைக்கும் போறாங்கன்னு பாக்கலாம்னுதான்." வாயை மூடிக்கொண்டு சிரித்தார். "ரொம்ப தூரம் போயிட்டாங்க! நான் ஒண்ணும் தப்பா எடுத்துக்கல கண்ணு. பொண்ணு குடுக்கறவங்க நாலு வார்த்த சேத்துத்தான் சொல்லுவாங்க. கல்யாணத்துக்குள்ள இன்னொண்ணு, இந்தத் தடவ தாராளமா, பின்னிக் குடுத்துரு. சுபா பின்னுனதாவே இருக்கட்டும். நம்ம மூணு பேருக்குள்ள."

"மூணாவது யாருங்க?"

"உங்கம்மாதான்."

அந்த மூன்று பேரில் அக்கா இல்லை. போட்டிருப்பவள் அவள், சிரிப்புக்கு நடுவே தலை குனிந்து நின்றவள் அவள், அவள் கணக்கிலேயே இல்லை.

"மாட்டேன்" என்றேன். வர்க்கித் தட்டை இடது கையில் எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனேன்.

போட்டோவுக்கு இருவரையும் சேர்த்து நிற்க வைத்திருந்தார்கள். நான் முன்னால் போய் நின்றேன்.

"அக்கா, என் ஸ்வெட்டரக் குடு."

போட்டோக்காரர், "கொஞ்சம் தள்ளிக்கம்மா" என்றார். அக்கா என்னைப் பார்த்தாள். ஏன் என்று கேட்கவில்லை. கூட்டத்தைப் பார்க்கவில்லை. பொத்தான்களைக் கழற்றினாள், நிதானமாக, மேலிருந்து கீழ் வரை. என் தோளில் போட்டாள். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, மருந்து எப்படிச் சாப்பிட வேண்டும் என்று கடையில் சொல்வாளே அந்தக் குரலில் சொன்னாள்: "இது என் தங்கச்சி பின்னுனது. அவ அவளுக்குப் பின்னிக்கிட்டது. எனக்குப் பின்னத் தெரியாது."

பிரசன்னாவின் அத்தைதான் வாயைத் திறந்தார்.

"அப்ப மாப்பிள்ளைக்குப் பின்னுனதும் மச்சினிச்சியா? அடடா! அளவெடுத்ததும் அவளேதானா?"

பெண்கள் பக்கம் ஒரு சிரிப்பு கிளம்பியது. அது வேறு மாதிரிச் சிரிப்பு. அம்மா ஏன் அத்தனை பயந்தாள் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவளுடைய பொய்யை மன்னித்துவிடுவார்கள். என் உண்மையை இப்படித்தான் வாயில் போட்டு மெல்லுவார்கள். அவர்கள் மேட்டுப்பாளையம் தாண்டுவதற்குள் அதற்குக் கையும் காலும் முளைத்துவிடும்.

"தாரிணி, உள்ள போ" என்றாள் அம்மா.

"அளவு போன்ல வந்துச்சுங்க" என்றேன் அத்தையிடம். "சட்டையோட அளவு. இது நான் பின்னுனதுன்னு உங்க விஜயராணி அம்மாவுக்கு மொத நாளே தெரியும். தெரிஞ்சுட்டேதான் பின்னச் சொன்னாங்க. இன்னொண்ணும் கேக்கறாங்க, ரகசியமா. அவங்களையே கேளுங்க."

சமையல்கட்டு வாசலில் விஜயராணி அம்மா பாதி வர்க்கியோடு நின்றார். இல்லை என்று சொல்லவில்லை. "விளையாட்டுக்குச் சொன்னதுங்க" என்றார்.

அப்போது அப்பா, யாரும் எதிர்பார்க்காத நேரத்தில், மடியிலிருந்த தொப்பியை எடுத்துத் தலையில் மாட்டினார். "இதுவும் சின்னவ பின்னுனதுதாங்க" என்றார். அந்த நிலையிலும் யாரோ சிரித்துவிட்டார்கள். அப்பா சிரிக்கவில்லை.

சாப்பாடு நடந்தது. எல்லோரும் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள்.

டிசம்பர் 9

அம்மா என்னோடு பேசவில்லை. பாத்திரங்களோடு பேசுகிறாள். "நாலாவது எடமும் போகட்டும். ஊரே வேடிக்க பாக்கட்டும்" என்று தவலையிடம் சொன்னாள்.

ஆனால் போகவில்லை. மதியம் விஜயராணி அம்மாவே கூப்பிட்டு, நடந்தது நடந்துபோச்சு, பிப்ரவரி இரண்டாம் தேதி குறித்த கல்யாணத்தில் மாற்றம் இல்லை என்று சொல்லிவிட்டார். அம்மா போனை வைத்துவிட்டு சாமிப் படத்துக்கு முன்னால் நின்று அழுதாள்.

நான் அக்காவின் நிம்மதிப் பெருமூச்சுக்காகக் காத்திருந்தேன். அவள் கடைக்குக் கிளம்பிப் போய்விட்டாள்.

டிசம்பர் 11

வேலை முடிந்து வந்த அக்கா என் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். பிரசன்னாவிடம் பேசியிருக்கிறாள்.

"ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். உங்கம்மாவுக்குத் தெரிஞ்சது உங்களுக்கும் தெரியுமான்னு. 'மொத நாளே கார்ல அம்மா சொல்லிட்டாங்க, எறங்கற வழியெல்லாம் சிரிச்சிட்டுத்தான் போனோம்'ங்கறாரு. தீபாவளிக்கு நான் ஊசிய வச்சுட்டு முழிச்சத ரெக்கார்ட் பண்ணி வச்சிருக்காராம். கசினுங்களுக்கெல்லாம் காட்டுனாராம். 'செம கியூட்டா இருந்தே'ங்கறாரு."

"நீ என்ன சொன்ன?"

"அனுப்புங்க, நானும் பாக்கறேன்னேன். அனுப்பியிருக்காரு."

இருவரும் கட்டிலில் உட்கார்ந்து பார்த்தோம். அக்கா புதுப் புடவையில், ஊசிகளை உரசிக்கொண்டு, சிரிக்க முயன்றபடி. விஜயராணி அம்மாவின் குரல்: பின்னிக்கிட்டே பேசு கண்ணு. பக்கத்தில் பிரசன்னாவின் அடக்கிய சிரிப்பு. படத்தின் கீழ்மூலையில் ஒரு கை. நான் சட்டத்துக்கு வெளியே இருப்பதாகத்தான் நினைத்திருந்தேன். இல்லை. என் இடது கை மணிக்கட்டு வரை தெரிகிறது. நூலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டிருக்கிறது. அவர்கள் சிரித்தது அதைப் பார்த்துத்தான்.

அக்கா அதை இரண்டாம் தடவை ஓடவிட்டாள். என் கை வரும் இடத்தில் நிறுத்தினாள்.

"ரெண்டு மாசமா நான் இவருக்குக் குட்மார்னிங் அனுப்பிட்டு இருந்தேன்" என்றாள்.

அழுவாள் என்று நினைத்தேன். எழுந்து போய் அம்மாவின் முன்னால் போனை வைத்து அந்தப் படத்தை ஓடவிட்டாள். முடிந்ததும் சொன்னாள். "எனக்கு இந்த எடம் வேணாம்மா."

"ஒரு வீடியோவுக்காடி? விளையாட்டுக்கு எடுத்தத…"

"நீ பயந்து போய்ப் பொய் சொன்னே. தாரிணி கோவத்துல பின்னுனா. நான் வெக்கப்பட்டுட்டு நின்னேன். நம்ம மூணு பேரும் ரெண்டு மாசமாத் தூங்கல. அவங்க சிரிச்சுட்டு இருந்திருக்காங்க. அங்க போயி நான் என்ன பண்ணுவேன்?"

அம்மா என்னைத்தான் பார்த்தாள். "இப்பத் திருப்தியாடி உனக்கு?"

இல்லை. அம்மாவுக்கு நான் பதில் சொல்லவில்லை, இங்கே எழுதுகிறேன்: இல்லை. என் கோபம் இன்னும் ஒரு கண்ணிகூடத் தளரவில்லை. உன் மேலும் இருக்கிறது. அந்த நூலை விட்ட கையின் மேலும் இருக்கிறது.

டிசம்பர் 20

சாம்பல் ஸ்வெட்டர் கூரியரில் திரும்பி வந்தது. துண்டுச் சீட்டு எதுவும் இல்லை. சலவை செய்து அனுப்பியிருக்கிறார்கள்.

ஜனவரி 5, ஞாயிறு

அதைப் பிரித்தோம். நான் பிரிக்க, அக்கா சுற்றினாள். இறுகிக் கிடந்த நூல் லேசில் வரவில்லை. தீபாவளி வரிசைகளைக் கத்தரிக்கோலால் வெட்ட வேண்டியிருந்தது. சிடுக்கெடுத்து, நனைத்து, கனம் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். அப்பா தொட்டுப் பார்த்து, "ஈரமாத்தான் இருக்கு" என்றார்.

பிப்ரவரி 2, ஞாயிறு

இன்று கல்யாணம் நடக்கவில்லை.

காலையில் அம்மா ஏழு மணி வரை எழுந்திருக்கவில்லை. ரோஸ்லின் அக்கா இட்லி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போனார். அம்மா இன்னும் என்னோடு நேராகப் பேசுவதில்லை. காலில் நான் பின்னிய காலுறையைத்தான் போட்டிருக்கிறாள். வேறு இல்லை.

பத்து மணிக்கு, முகூர்த்தம் குறித்திருந்த நேரத்துக்கு, அக்கா சாம்பல் நூலையும் இரண்டு ஊசிகளையும் எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தாள். பக்கத்தில் உட்கார இடம் விட்டேன். அவள் பக்கத்தில் உட்காரவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு, முழங்காலும் முழங்காலும் இடிக்கிற மாதிரி எனக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"நீ பின்னு. நான் பாத்துப் பின்றேன்."

கண்ணாடியில் பார்ப்பது போல, என் இடது கை போன பக்கமே அவள் வலது கை போயிற்று. முதல் வரிசையில் ஒரு கண்ணிகூட விழவில்லை. மாதிரித் துண்டு பின்னி எண்ணினோம். நாலு அங்குலத்துக்குப் பதினாறு. தளர்த்திதான். மஃப்ளருக்கு அது போதும்.

"யாருக்கு?" என்றேன்.

"எனக்கு."

மதியம் மழை விட்டது. காய்ந்த மிளகாய் நிற ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு கடைவீதி வரை போய், பால் வாங்கிக்கொண்டு வந்தேன்.